விட முடியாதவனுக்கும் ஓர் அறம்

1999ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் ஒரு முடிவெடுத்தார்கள். ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைப்பொருள்களை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு அந்த நாட்டில் அந்த ஓராண்டில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் சந்துகளிலும் பொதுக் கழிப்பறைகளிலும் வாடகை அறைகளிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் போட்ட இடத்திலேயே மூச்சடங்கிக் கிடந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு போதைப்பொருள் பற்றி ஒரு மாநாடு கூட்டியது. மருத்துவக் கண்காணிப்பில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடத்தைச் சோதனை முறையில் திறந்து பார்க்கலாம் என்று அந்த மாநாடு பரிந்துரைத்தது. அதை நடத்தும் பொறுப்பை, செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையைத் தொடங்கி நடத்திவந்த 'சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி' சபை ஏற்றுக்கொண்டது. சில மாதங்களுக்குள், விலகிக்கொள்ளுமாறு வத்திக்கானிலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவிட்ட விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக அப்போது இருந்தவர் கர்தினால் ஜோசப் ராட்சிங்கர். பின்னாளில் பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனவர். சகோதரிகள் கீழ்ப்படிந்து விலகினார்கள்.

அந்த உத்தரவை இரக்கமற்றது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. அதன் பின்னால் கனமான அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவன் தவறு செய்யப்போகிறான் என்று தெரிந்தும் அவனுக்கு இடமும் கருவியும் கொடுத்துப் பக்கத்தில் நிற்பவர் அந்தத் தவறில் பங்காளி ஆகிறாரா? கத்தோலிக்க அறவியல் இதை நூற்றாண்டுகளாக யோசித்திருக்கிறது. தவறு செய்பவனின் நோக்கத்தையே தன் நோக்கமாக ஏற்று உதவுவது ஒரு வகை. நோக்கத்தில் உடன்படாமல், வேறொரு நன்மைக்காகச் செய்யும் காரியம் அவன் செயலுக்கும் பயன்பட்டுவிடுவது இன்னொரு வகை. முதலாவது எப்போதும் பாவம். இரண்டாவதை நன்மை தீமை சீர்தூக்கித்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்த மரபு. மது, போதைப்பொருள் தொடர்பாக அரசுகள் எடுக்கும் பல நடவடிக்கைகளுக்குள் இதே கேள்விதான் ஒளிந்திருக்கிறது. ஊசி போடுபவருக்குச் சுத்தமான ஊசி கொடுப்பது, ஹெராயினுக்குப் பதிலாக மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ கொடுப்பது, பழக்கத்தை இன்னும் விடாதவருக்கும் மருத்துவமும் தங்குமிடமும் தருவது ஆகியவற்றுக்குத் 'தீங்கு குறைப்பு' என்று பெயர். இவை பாவத்தோடு செய்துகொள்ளும் சமரசம் என்று பக்தியுள்ளவர்கள் பலர் மனதார நம்புகிறார்கள். அவர்களுடைய இலட்சியம் சரியானது. போதையிலிருந்து முழுக்க விடுபடுவதுதான் நல்வாழ்வு. ஆனால் உயிரைக் காப்பாற்றுவதற்கு அந்த இலட்சியத்தை முன்நிபந்தனை ஆக்கும்போது, எந்தக் கருணையிலிருந்து அது பிறந்ததோ அந்தக் கருணையையே அது கைவிட்டுவிடுகிறது. இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சகோதரிகள் விலகியபின் யுனைட்டிங் சர்ச் என்ற சீர்திருத்தத் திருச்சபை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. அதே திருச்சபையைச் சேர்ந்த வேசைட் சேப்பல், 1999 மே மாதத்திலேயே சட்டத்தை மீறித் தன் வளாகத்தில் இப்படி ஓர் அறையைத் திறந்து, காவல்துறையின் சோதனைக்கும் ஆளாகியிருந்தது. அரசு அனுமதி பெற்ற மையம் 2001 மே மாதம் கிங்ஸ் கிராஸில் திறக்கப்பட்டது. உள்ளே நடப்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அறக்கேள்வியின் உண்மையான உருவம் தெரியும். வருபவர் முதலில் வரவேற்பில் பதிவு செய்துகொண்டு, என்ன எடுக்கப்போகிறார் என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும், கர்ப்பிணிக்கும், முதல் முறையாக ஊசி போட்டுப் பார்க்க வருபவருக்கும் அனுமதி இல்லை. போதைப்பொருளை மையம் தருவதில்லை. அது அவரோடு வருகிறது. மையம் தருவது புதிய ஊசியும், கிருமி நீக்கிய தண்ணீரும், தோலைத் துடைக்கப் பஞ்சும், எஃகு மேசை போட்ட ஒரு தடுப்பறையும். செவிலியர் ஊசி போட்டுவிட மாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். ஹெராயின் அளவு மீறினால், மூச்சை இயக்கும் மூளைத்தண்டின் பகுதி மந்தமாகிறது. உதடு நீலம் பாரிக்கிறது. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் மூளை சாகத் தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் செவிலியர் அங்கே இருக்கிறார். ஆக்சிஜன் கொடுப்பார், போதாவிட்டால் நாலாக்சோன் ஊசி போடுவார். மூளையில் ஹெராயின் பிடித்த இடத்தை அந்த மருந்து பறித்துக்கொள்ள, மூச்சு திரும்புகிறது. பிறகு பக்கத்து அறையில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்கள். விரும்பினால் சிகிச்சைக்கு வழி காட்டுகிறார்கள்.

முதல் இருபது ஆண்டுகளில் அங்கே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை ஊசி போடப்பட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முறை யாரோ ஒருவர் அளவு மீறிச் சரிந்திருக்கிறார். ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. இந்த எண்களைச் சரியான அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சரிந்தவர்கள் எல்லோரும் வெளியே இருந்திருந்தால் செத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அளவு மீறிய பலர் எப்படியோ பிழைத்துக்கொள்வதுண்டு. மையம் திறந்த அதே 2001இல் ஆஸ்திரேலியா முழுவதும் ஹெராயின் வரத்துக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டதால், எல்லா இடத்திலும் மரணங்கள் குறைந்தன. கிங்ஸ் கிராஸில் குறைந்ததற்கான பெருமை முழுவதையும் மையத்துக்குக் கொடுக்க இயலாது. இவ்வளவையும் கழித்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. சந்தில் தனியாகச் சரிபவருக்கு இல்லாத ஒன்று, பயிற்சி பெற்ற ஒருவரின் விழித்த கண், அங்கே சரிபவருக்கு இருந்தது. அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகள் சோதனை முறையாகவே நீட்டிக்கப்பட்டுவந்த மையத்தை 2010இல் அரசு நிரந்தரமாக்கியது.

இப்போது வத்திக்கானின் கேள்விக்கு வருவோம். அந்தச் செவிலியர் எந்தச் செயலில் பங்காளி? போதைப்பொருளை அவர் விற்கவில்லை, வாங்கித் தரவில்லை, ஏற்றவும் இல்லை. அவர் கதவை மூடியிருந்தால் அந்த ஊசி போடப்படாமல் போயிருக்காது, கழிப்பறையில் போடப்பட்டிருக்கும். அவருடைய கையால் நிகழ்ந்தது ஊசி அல்ல, நின்ற மூச்சு திரும்பியது. நோக்கத்திலும் அவருக்கும் ஊசி போடுபவருக்கும் ஒற்றுமை இல்லை. ஒருவர் தேடுவது போதையை, மற்றவர் தேடுவது அவர் நாளை காலை கண் விழிப்பதை. கத்தோலிக்க அறவியலின் சொந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலே இது தீமையோடு உடன்படுதல் ஆகாது என்று நான் கருதுகிறேன். இங்கே ஒரு செய்தியை மரியாதையோடு நினைவுகூர வேண்டும். ராட்சிங்கர் போப்பாண்டவரான பிறகு, 2010இல் வெளிவந்த ஒரு நேர்காணல் நூலில், எய்ட்ஸ் கிருமி பிறருக்குப் பரவாமலிருக்க ஒரு பாலியல் தொழிலாளி ஆணுறை அணிவதைப் பற்றிப் பேசினார். திருச்சபை அதை உண்மையான தீர்வாகக் கருதவில்லை என்று சொல்லிவிட்டு, ஆனாலும் சில நேர்வுகளில் அது பொறுப்புணர்வின் முதல் அடியாக, மனிதத்தன்மை கொண்ட வாழ்வை நோக்கிய தொடக்கமாக இருக்கக்கூடும் என்றார். சிட்னி மையத்தைப் பற்றி அவர் அப்போது பேசவில்லை. பழைய தடையை விலக்கிக்கொள்ளவும் இல்லை. ஆயினும் அந்த வாக்கியத்தில் இருக்கும் தர்க்கம் தீங்கு குறைப்பின் தர்க்கமேதான்: தவறுக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பவன்கூட நன்மையை நோக்கி ஓர் அடி வைக்க முடியும்; அந்த அடிக்கு மதிப்பு உண்டு.

தமிழ் வாசகருக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், ஆதிரை பிச்சையிட்ட காதையில், இது முழுமையாகவே இருக்கிறது. ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையோடு கூடிச் சூதாடிச் செல்வத்தைத் தொலைத்தவன். பொருள் தேடிக் கப்பலேறி, கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு, நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகிறான். அவர்கள் கரையொதுங்கும் மனிதரைக் கொன்று தின்பவர்கள். சாதுவன் அவர்களுடைய மொழியிலேயே பேசியதால் வியந்து, தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். தலைவன் அவனுக்குப் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். இவை இல்லாமல் வாழ்க்கையில் என்னதான் பயன் என்று தலைவன் கேட்கிறான். அறிவை மயக்கும் கள்ளையும் உயிர்க்கொலையையும் தெளிந்தவர்கள் ஒதுக்கினார்கள் என்று தொடங்கி, பிறப்பையும் இறப்பையும் வினைப்பயனையும் சாதுவன் எடுத்துச் சொல்கிறான். தலைவன் அவன் காலில் விழுகிறான். விழுந்தவன் கேட்கும் கேள்விதான் முக்கியம். கள்ளையும் ஊனையும் விட்டுவிட்டால் இந்த உடம்பில் என்னால் உயிரைத் தாங்க முடியாது. சாகும்வரை எங்களால் கடைப்பிடிக்க முடிகிற நல்லறம் எதுவோ அதைச் சொல் என்கிறான். சாதுவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. நன்றாகக் கேட்டாய், நீ நல்வழிக்கு வருவாய் என்று பாராட்டுகிறான். கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாமல் காப்பாற்று. மூப்படைந்து தானாகச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்று அவனுக்கு இயலும் அறத்தை வகுத்துக் கொடுக்கிறான். தலைவன் ஏற்கிறான்.

புத்த நெறியைப் பரப்ப எழுந்த ஒரு காப்பியம் இப்படி ஒரு காட்சியை வைத்திருப்பது சாதாரண விஷயம் அல்ல. ஐந்து சீலங்களில் கள்ளுண்ணாமையும் ஒன்று. சாதுவன் தன் அளவில் அதைத் தளர்த்தவில்லை. நீட்டிய கள்ளைத் தொடவில்லை. கள் நல்லது என்று அவன் எங்கும் சொல்லவுமில்லை. தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோலைத் தன்னை நோக்கிக் கை கூப்பியவனுக்குக் கதவடைப்பாக அவன் மாற்றவில்லை, அவ்வளவே. எந்தத் தீமை முதலில் நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்தினான்: முதலில் மனித உயிர், பிறகு மற்ற உயிர். கள்ளைப் பற்றிய பேச்சு இன்னொரு நாளைக்கு. முழு அறத்தையும் ஒரே மூச்சில் கேட்டிருந்தால் தலைவன் எதையும் ஏற்றிருக்க மாட்டான். அடுத்த கப்பல் உடையும்போது கரையேறுபவர்கள் செத்திருப்பார்கள். சாத்தனார் வேறொன்றையும் கவனமாகச் செய்திருக்கிறார். இந்த உபதேசத்தைக் களங்கமில்லாத ஒரு துறவியின் வாயில் வைக்கவில்லை. சூதாடித் தோற்று, மனைவியை விட்டுப் போய், மீண்டுவந்த ஒருவனின் வாயில் வைத்தார். குடிநோயிலிருந்து மீண்டவர்களே இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போவதில் இருக்கும் வலிமையை இன்றைய மறுவாழ்வு மையங்களில் வேலை செய்பவர்கள் அறிவார்கள்.

வள்ளுவர் இதற்கு எதிர்ப்பக்கம் நிற்பவராகத் தோன்றலாம். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் சலுகைக்கு இடமே இல்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு நுட்பம் புலப்படும். போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்கோடு தேடுவது போன்றது என்கிறார் ஒன்றில். தான் குடிக்காதிருக்கும் வேளையில் குடித்த இன்னொருவனைப் பார்க்கும்போதாவது அவன் தன் நிலையை எண்ணிப் பார்க்க மாட்டானா என்று ஏங்குகிறார் அடுத்ததில். அறிவுரை எடுபடாத நேரம் ஒன்று, எடுபடும் நேரம் ஒன்று என்று அவர் பிரித்துவைத்திருக்கிறார். தெளிந்திருக்கும் அந்த வேளை வர வேண்டுமானால், அவன் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். செத்தவன் திருந்துவதில்லை. போதையின் நடுவே அவன் உயிரைக் காப்பதற்கும், தெளிந்த நேரத்தில் அவனை மீட்பதற்கும் இடையே முரண்பாடு கிடையாது. முன்னது இல்லாமல் பின்னது இல்லை.

அரசின் சட்டம் என்று வரும்போது இந்த நிதானம் இன்னும் தேவைப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரும் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் தடைசெய்யத் தேவையில்லை என்று வாதிட்டார். பெரும்பாலான மனிதர்கள் முழுமை பெறாதவர்கள். அவர்களால் தாங்க முடியாத கட்டளையைச் சுமத்தினால் அதைவிடக் கொடிய தீமைக்குள் விழுவார்கள். ஆகவே பிறரைத் துன்புறுத்தும் கொடிய குற்றங்களையே சட்டம் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. மதுவையும் போதையையும் அறவே விலக்கிய இஸ்லாமிய மரபிலும் இரண்டு தீமைகளில் சிறியதை ஏற்கலாம் என்ற சட்டக் கோட்பாடு உண்டு. ஈரானில் ஊசி வழியாக எச்ஐவி பரவியபோது, 2005இல் அந்நாட்டு நீதித்துறையின் தலைவராக இருந்த அயத்துல்லா ஷாஹ்ரூதி, ஊசி வழங்குவதையும் மெத்தடோன் சிகிச்சையையும் தடுக்க வேண்டாம் என்று நீதித்துறையினருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கோலாலம்பூரில் 2010ஆம் ஆண்டளவில் அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. தொழுகைக்கும் மருந்துக்கும் ஒரே வாசல். இவர்கள் யாரும் போதையை ஹலால் ஆக்கிவிடவில்லை. விலக்கப்பட்டதை விலக்கப்பட்டது என்றே வைத்துக்கொண்டு, அதில் சிக்கியவனை மட்டும் விலக்காமலிருந்தார்கள்.

முதல் மறுப்பு இங்கே எழும். இடமும் ஊசியும் கொடுத்தால், இது தப்பில்லை என்ற செய்தி இளைஞர்களுக்குப் போகாதா? கவலை உண்மையானது, ஆனால் இது பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வி, ஊகித்துச் சொல்ல வேண்டியது அல்ல. சிட்னி மையத்தைச் சுற்றிப் போதைக் குற்றங்கள் பெருகினவா என்று மாநிலக் குற்றப் புள்ளிவிவர அலுவலகம் திரும்பத் திரும்ப ஆராய்ந்தது; மையத்தால் குற்றம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. தெருவில் வீசியெறியப்பட்ட ஊசிகள் குறைந்தன. முதல் முறையாக ஊசி போட்டுப் பார்க்க வருபவரை மையம் ஏற்பதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்தியாவிலும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் சுத்தமான ஊசியும் புப்ரெனார்ஃபினும் வழங்கப்படுகின்றன. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் நுகர்வையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. சிகிச்சைக்குத் தானாக முன்வருபவருக்கு விலக்கு தரும் பிரிவு ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரே அரசு ஒரு கையால் மருந்தை நீட்டி மறு கையால் விலங்கை நீட்டினால், அடிமைப்பட்டவன் எந்தக் கையை நம்புவான்? இளைஞனுக்குப் போகும் செய்தியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், ஏற்கெனவே விழுந்துவிட்டவனுக்கு இந்த முரண்பாடு சொல்லும் செய்தியைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கண்டிப்பும் உயிரைக் காப்பாற்றுகிறதே என்பது. ஆம், காப்பாற்றுகிறது. 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராகக் கடும் இயக்கம் தொடங்கியபோது, 62 வயதை ஒட்டியிருந்த ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1987க்குள் 65ஐ நெருங்கியது. இயக்கம் தளர்ந்தபின் அந்த ஆயுள் மறுபடி சரிந்தது. 2018இல் ஸ்காட்லாந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள் அதன் விளைவாக 13 சதவீதம் அளவுக்குக் குறைந்ததாக ஆய்வு காட்டியது. எளிதில் கிடைப்பதைக் குறைத்தால், விலையைக் கூட்டினால், சமூகம் முழுவதும் குறைவாகக் குடிக்கிறது. இதை மறுப்பவர்கள் சான்றை மறுக்கிறார்கள். ஆனால் இரண்டு நாடுகளின் கதையிலும் இன்னொரு பாதி உண்டு. சோவியத் கடைகளில் சர்க்கரை தீர்ந்துபோனது, வீட்டில் சாராயம் காய்ச்சுவதற்காக. வாசனைத் திரவியத்தையும் குடித்தார்கள். ஸ்காட்லாந்தில் முற்றிலும் அடிமைப்பட்டவர்கள் விலை ஏறியதால் குறைவாகக் குடித்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. சிலர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு குடிக்குச் செலவழித்தார்கள். கண்டிப்பு பலரைக் காக்கிறது; மிகவும் ஆழத்தில் கிடப்பவனை அது எட்டுவதில்லை, சில சமயம் மேலும் அமிழ்த்துகிறது. ஆகவே கண்டிப்பும் கருணையும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. விற்பவனையும் விலையையும் கடையின் எண்ணிக்கையையும் நோக்கிக் கண்டிப்பு திரும்ப வேண்டும்; குடித்தவனின் உடம்பை நோக்கிக் கருணை திரும்ப வேண்டும்.

இந்தப் பிரிவினை தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மதுவிலக்கு இல்லாத மாநிலத்தில், அரசே கடை நடத்தும் மாநிலத்தில் இது நடந்தது. மெத்தனாலை உடம்பு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைத் தின்கிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. ஆனால் அதற்குப் பல மணி நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் மருத்துவமனைக்கு வந்தால் மாற்று மருந்து உண்டு, இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. கள்ளச்சாராயம் குடித்தேன் என்று சொல்ல வெட்கமும் பயமும் தடுக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கண்ணின், ஓர் உயிரின் விலை. துயரத்துக்குப் பின் சட்டத்தைத் திருத்தி, காய்ச்சி விற்பவருக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தது அரசு. அது சரியான திசையில் வைத்த கண்டிப்பு. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் கொடுத்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று ஊரெல்லாம் கேட்டார்கள். அதைவிட அவசரமான கேள்விகள் வேறு: அடுத்த முறை இப்படி நேர்ந்தால் வட்டார மருத்துவமனையில் மாற்று மருந்து தயாராக இருக்குமா? போலீஸ் வருமோ என்ற பயம் இல்லாமல் ஒருவர் அங்கே போக முடியுமா?

மூன்றாவது மறுப்பை, உண்மையில் ஓர் எச்சரிக்கையை, நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். குடிப்பதைத் தடுக்க முடியாது, நச்சுச் சாராயத்தைவிட அரசு மது மேல் என்ற வாதத்தில்தான் தமிழக அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் நியாயப்படுத்தப்படுகிறது. அப்படியானால் அதுவும் தீங்கு குறைப்புதானே? இல்லை. 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கி, 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட அந்த நிறுவனத்தின் வழியாக அரசுக்கு 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது. அரசின் செலவுகள் அந்தப் பணத்தை நம்பி நிற்கின்றன. குடி குறைந்தால் கஜானா குறையும். ஸ்வீடனிலும் மது விற்பது அரசு நிறுவனமே. ஆனால் தனியார் இலாபத்தை மதுவிலிருந்து பிரித்தெடுத்துக் குடியைக் குறைப்பதற்காக உருவான அமைப்பு அது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமை பிற்பகலிலேயே மூடிவிடும், தள்ளுபடி இல்லை. உண்மையான தீங்கு குறைப்பை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: இந்த மனிதன் நாளை குடியை விட்டுவிட்டால், உதவியவருக்கு மகிழ்ச்சியா நஷ்டமா? சிட்னியின் செவிலியருக்கு அது மகிழ்ச்சி. பள்ளிவாசலில் மெத்தடோன் கொடுப்பவருக்கு மகிழ்ச்சி. குடிநோயாளியின் விடுதலையால் வருவாய் இழக்கும் அரசு, தான் செய்வது கருணை என்று சொல்லிக்கொள்ள முடியாது. நோக்கத்தில் உடன்படுவது என்று அறநூல்கள் கண்டித்தது எதையோ அதற்கு இந்த ஏற்பாடுதான் மிக அருகில் இருக்கிறது.

கடைசியாக, விடுதலையில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்கள் சொல்லும் ஒரு மறுப்பு மிஞ்சுகிறது. ஆண்டுக்கணக்கில் மெத்தடோனில் ஒருவரை வைத்திருப்பது ஒரு சங்கிலியை அவிழ்த்து இன்னொன்றைப் பூட்டுவதில்லையா? மனிதன் முழுச் சுதந்திரத்துக்குப் பிறந்தவன் என்ற நம்பிக்கையிலிருந்து வரும் கேள்வி இது. அதற்கு மதிப்பளிக்க வேண்டும். ஆனால் தினமும் ஒரே அளவு மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்பிப் பிள்ளைகளோடு சாப்பிடுகிறவர், அடுத்த ஊசிக்காகத் திருடவும் உடம்பை விற்கவும் தள்ளப்படுகிறவரோடு ஒப்பிட்டால் எவ்வளவோ சுதந்திரமானவர். சுதந்திரம் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. அதற்குப் படிகள் உண்டு. முழு விடுதலையை விரும்புகிறவர்கள் அந்தப் படிகளை இடித்துவிட்டு மேல்மாடியை மட்டும் காட்டக் கூடாது. அதேபோல், கீழ்ப்படியில் நிற்பதே போதும் என்று ஒருவரை அங்கேயே விட்டுவிட்டு அரசு கணக்கை முடித்துக்கொள்ளவும் கூடாது. மறுவாழ்வு மையமும் வேலையும் வீடும் நட்பும் இல்லாத தீங்கு குறைப்பு பாதி வேலைதான்.

ஆகவே மதங்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை வெவ்வேறு. மதங்கள் தங்கள் இலட்சியத்தைத் தளர்த்தத் தேவையில்லை. குடிக்காதே என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் குடித்துவிட்டு வாசலுக்கு வருபவனை உள்ளே விடட்டும். திருந்திவிட்டு வா என்று திருப்பி அனுப்ப வேண்டாம். அரசு கடைகளையும் கடை நேரத்தையும் குறைக்கட்டும். மது வருவாயை நம்பி வரவு செலவுத் திட்டம் போடும் பழக்கத்திலிருந்து ஆண்டுக்கு ஆண்டு வெளியே வரட்டும். விஷத்தைக் காய்ச்சுபவரையும் கடத்துபவரையும் தண்டிக்கட்டும். அடிமைப்பட்டவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நோயாளிப் பட்டியலுக்கு மாற்றட்டும். நாலாக்சோனும் மெத்தனால் முறிவு மருந்தும் ஊசிச் சேவையும் மனநல மருத்துவரும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். விட முடியவில்லை, என்னால் முடிந்த நல்லதைச் சொல்லுங்கள் என்று கேட்பவன் அறத்துக்கு எதிரி அல்ல. அவன் அறத்தின் வாசலில் நிற்கிறவன். அவனுக்குப் பதில் சொல்ல மறுக்கும் ஒழுக்கம் தன் தூய்மையை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது. அவன் உயிரையும் சேர்த்துக் காப்பாற்றுவதே அறம்.